பக்க யன்னல்

மெல்பேர்ண்
2.5.1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே உங்கள் சீனி வருத்தம் எப்படி? டாக்டர் சொன்னபடி தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைத்தீர்களா, இல்லை மச்சாள் திரும்பின நேரம் பார்த்து இன்னும் ஒரு கரண்டி போடுகிறீர்களா? கௌரிக்கு என் முத்தங்கள்.

இதை ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் நர்ஸ் விடுதியில் இருப்பது ஒரே ரெலிபோன். அதற்கு முன்னால் எப்போதும் நாலு பேர் காவல் நிற்பார்கள். உங்களோடு சண்டை பிடிக்க மூன்று நிமிட அழைப்பு போதவும் போதாது. ஆகவே எழுதுகிறேன்.

நான் கலியாணம் செய்ய முடிவெடுத்துவிட்டேன். மாப்பிள்ளை பெயர் சிறிதரன். எங்கள் சுன்னாகம்தான். வெரிபீயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். அவருடைய அம்மா பவளம் மாமியும் போன வருடம் இங்கே வந்துவிட்டா. தகப்பன் உயிரோடு இல்லை. பெயர் சொன்னால் உங்களுக்கு ஆளைத் தெரியும்: கிணறு வெட்டுகிற செல்லன். அப்பாவின் தேத்தண்ணிக் கடைக்கு நாள் தவறாமல் வந்தவர். கடைக்குள் அல்ல, கடையின் பக்கச் சுவரடிக்கு வந்தவர்.

அப்பாவும் அம்மாவும் இல்லாத இடத்தில் என் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். அனுமதி கேட்டு எழுதவில்லை. இரண்டும் வேறு வேறு.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தங்கச்சி யோகா

*

டூங்கபி, சிட்னி
11.5.1976

தங்கச்சி யோகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருக்கலாம். மற்றும்படி எல்லோரும் சுகம். சீனியும் கட்டுக்குள்தான் இருந்தது, தபால்காரன் வரும் வரைக்கும்.

உனக்கு மூளை கலங்கிவிட்டதா? மெல்பேர்ண் முழுக்கத் தேடியும் உனக்குச் செல்லன்ர மகன்தானா கிடைத்தான்? படித்திருக்கலாம், உத்தியோகம் பார்க்கலாம். நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக நாளைக்கு அந்தப் பவளம் சமைத்து வைக்க, நாங்கள் போய் அந்த வீட்டில் கை நனைக்கிறதா? ஊரில் இருக்கிற சனத்துக்கு நான் என்ன சொல்வேன்?

அப்பாவின் கடையைப் பற்றி நீ குத்தலாக எழுதியதை நான் மன்னிக்க மாட்டேன். அப்பா ஒருத்தருக்கும் தேத்தண்ணி இல்லை என்று சொன்னதில்லை. அதே பால், அதே தேயிலை, அதே சீனி. பேணி மட்டும்தான் வேறு. அந்த வழக்கத்தை அவர் தொடங்கவும் இல்லை. அவருடைய தகப்பன் காலத்திலிருந்து வந்தது. யாரையும் அவமதிக்க வேண்டும் என்று அவர் நினைத்ததே கிடையாது.

இந்தக் கதையை இத்தோடு விடு. குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிச் சட்டை போடு.

அண்ணா
விக்னராஜா

*

மெல்பேர்ண்
20.5.1976

அண்ணாவுக்கு,

கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன். உடம்புக்குக் குளிரவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு கொதிக்கிறது.

"பேணி மட்டும்தான் வேறு" என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! கடையின் பக்கச் சுவரில் ஒரு யன்னல், அதற்குக் கீழே ஒரு ஆணி, ஆணியில் துருப்பிடித்த தகரப் பேணி. வந்தவர் தானே எடுத்து நீட்ட வேண்டும், தானே கழுவித் தானே கொளுவ வேண்டும். ஊற்றும்போது கேத்தல் பேணியில் முட்டக் கூடாது என்று அப்பா உங்களுக்குப் பழக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நல்லாகப் பழகினீர்கள். ஒரு சொட்டும் சிந்த மாட்டீர்கள்.

அதைப் பற்றிச் சிறி ஒரு நாளும் என்னோடு கதைத்ததில்லை. பவளம் மாமியும் கதைத்ததில்லை. மறந்துவிட்டார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஊரில் இருக்கிற சனத்துக்கு என்ன சொல்வதா? தங்கச்சிக்குக் கலியாணம், வாருங்கள் என்று சொல்லுங்கள்.

மச்சாளையும் கௌரியையும் கேட்டதாகச் சொல்லவும்.

யோகா

*

புரோக்கன் ஹில்
22.8.1976

அன்புத் தங்கச்சி யோகாவுக்கு,

நீ நல்ல சுகத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று மாதமாக எழுதவில்லை. வேலை கழுத்தை முறித்தது. இப்போது கௌரிக்குப் பள்ளிக்கூட விடுமுறை. மூன்று பேரும் காரில், நாட்டின் நடுவில் இருக்கிற ஏயர்ஸ் ரொக் மலையைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டோம். இந்தக் கடிதத்தை மோட்டலில் கொடுத்த தாளில் எழுதுகிறேன். தாளும் சவர்க்காரமும் இலவசம்.

இந்த நாடு எவ்வளவு பெரியது என்று சிட்னியில் இருக்கிறவனுக்குத் தெரியாது. கோபார் தாண்டின பிறகு ரோட்டும் வானமும் மட்டும்தான். ரோட்டு ஓரத்தில் ஈமுக் கூட்டம் ஒன்று எங்கள் காரோடு போட்டி போட்டு ஓடி, தோற்ற கோபத்தில் வேலிக்குள் பாய்ந்தது. மைலுக்கு ஒரு செத்த கங்காரு. எரிந்து துருப்பிடித்த கார் ஒன்று தலைகீழாகக் கிடந்தது. அதன் வயிற்றில் யாரோ 'விற்பனைக்கு' என்று வெள்ளைப் பெயின்ரால் எழுதி வைத்திருக்கிறான். மச்சாளே சிரித்துவிட்டாள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முடியாது. நேற்று ஒரு கடையில் ஹம்பேர்கர் கேட்டேன். மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொன்னதும் கடைக்காரன் எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்துப் பரிதாபமாகப் பார்த்தான். பிறகு பண்ணுக்குள்ளே பொரித்த முட்டை, வெங்காயம், அன்னாசி வளையம், இவற்றோடு பீட்ரூட் துண்டும் வைத்துத் தந்தான். கடித்ததும் பீட்ரூட் வழுகி என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. பெற்றோல் அடிக்க வந்தவன், "யார் உன்னைச் சுட்டது?" என்று கேட்டான்.

நீ அந்தக் கதையை விட்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அண்ணா

*

போர்ட் ஒகஸ்ரா
24.8.1976

அன்புள்ள யோகாவுக்கு,

எல்லோரும் சுகம். கார்தான் கொஞ்சம் முனகுகிறது. நாளைக்கு வடக்கே திரும்புகிறோம். அங்கிருந்து தார் ரோட்டு இல்லை, முழுக்கச் செம்மண்.

இன்று சிக்கோ ரோல் என்று ஒரு சாமான் சாப்பிட்டேன். எங்கள் ரோல்ஸுக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். விறகுக் கட்டைத் தடிப்பு. உள்ளே முட்டைக்கோவா, பார்லி, வேறு என்னவோ. என்ன இருக்கிறது என்று கேட்டேன். விற்கிறவளுக்கே தெரியாது. பசி ருசி அறியாது, முழுவதையும் தின்றேன். கௌரிக்கு மில்க்ஷேக். அலுமினியக் குவளையோடு அப்படியே கொடுக்கிறார்கள், வெளியில் எல்லாம் குளிர்ந்து வியர்த்திருக்கும். அவள் மிச்சம் விட்டதை நான் குடித்தேன். டாக்டரிடம் சொல்லிவிடாதே. கார் முழுக்க வினாகிரி மணம், சீற் இடுக்கெல்லாம் சிப்ஸ்.

ஒன்று சொல்லவேண்டும். இந்த ஆயிரம் மைலில் நீ யார், எந்த ஊர், யாருடைய மகன் என்று ஒருத்தன் கேட்கவில்லை. காசை வை, கடதாசியில் சுற்றினதை எடு, போ. லொறிக்காரனும் டாக்டரும் ஒரே மேசையில் இருந்து கையால் பிய்த்துத் தின்கிறார்கள். சமத்துவம் என்று சும்மா மேடையில் கத்துகிறவர்களை இந்த ரோட்டில் ஒரு நாள் கொண்டுவந்து விடவேண்டும்.

மச்சாளும் கௌரியும் அன்பைச் சொல்லச் சொன்னார்கள்.

அண்ணா

*

ஏயர்ஸ் ரொக்
30.8.1976

யோகாவுக்கு,

வந்து சேர்ந்தோம். மலை சிவப்பு. ஈ தொல்லை. வழியில் சாப்பாடு சரியில்லை. பாண் வாங்கி ஜாம் பூசிக் காருக்குள்ளேயே சாப்பிடுகிறோம். திரும்பும்போது வேறு வழியால் போகலாமா என்று விசாரித்தேன். வேறு ரோட்டு கிடையாதாம்.

அண்ணா

*

டூங்கபி
12.9.1976

யோகாவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். பயணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. படம் கழுவக் கொடுக்கவும் இல்லை.

நேராகச் சொல்கிறேன். அந்தக் கலியாணம் நடந்தால் எனக்குத் தங்கச்சி இல்லை. நாங்கள் யார், எப்படிப்பட்ட குடும்பம் என்பது இந்த நாட்டில் மற்றவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். கண்டவனோடும் எங்களைச் சேர்த்து எண்ணுவான். அதற்காக நாங்களும் அதை விட்டுக் கொடுத்தால் எங்களிடம் மிச்சம் என்ன? சொல்லு, என்ன மிச்சம்?

பதில் எழுத வேண்டாம்.

விக்னராஜா

*

டூங்கபி
20.9.1976

அன்பு மச்சாள் யோகாவுக்கு,

நீர் சுகமாக இருக்கிறீரா? நாங்கள் இருக்கிறோம். உம்முடைய அண்ணருக்குச் சீனி ஏறிவிட்டது. சாப்பாட்டால் ஏறினது இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

போர்ட் ஒகஸ்ராவுக்கு வடக்கே ரோட்டோரக் கடை ஒன்று. பெற்றோல், சாப்பாடு எல்லாம் ஒரே இடம். உள்ளே போய்க் கதிரையில் இருந்தோம். கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "உங்கட ஆக்களுக்குப் பக்க யன்னல்" என்று வெளியே காட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை. கழிப்பறை எங்கே என்று காட்டுவது போலச் சொன்னாள். இவருக்கு விளங்கவில்லை. காரில் வந்த ஆக்களுக்கு அங்கே காத்திராமல் கெதியாகத் தருவார்களாக்கும் என்று நினைத்து, அவளுக்கு நன்றி வேறு சொல்லிக்கொண்டு எங்களைக் கூட்டிப் போனார்.

யன்னலடியில் ஒரு ஆதிவாசிக் குடும்பம் நின்றது. புருசன், பெண்சாதி, மூன்று பிள்ளைகள். இவர் அவர்களுக்குப் பின்னால் நின்று, விலைப்பலகையைப் பார்த்து, "கௌரி, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு யன்னலுக்குள்ளால் பார்த்தார். உள்ளே நாங்கள் எழும்பி வந்த கதிரையில் இரண்டு லொறிக்காரர் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மச்சாள், அவர் கோபப்பட்டது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கோபப்படத்தான் வேண்டும். ஆனால் அவர் என்ன சொல்லிக் கத்தினார் தெரியுமா? "நாங்கள் இவையள் இல்லை! நாங்கள் சிலோன். நான் இன்ஜினியர்!" இங்கிலீசில், அந்தக் குடும்பத்தைக் கையால் காட்டி. கடைக்காரி, "எனக்கு எல்லாரும் ஒண்டுதான்" என்று சொல்லி, சிப்ஸ் பொட்டலத்தை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்த ஆதிவாசி மனிதன் சிரித்தான். சத்தமாக இல்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

பொட்டலத்தை இவர் குப்பை டிரம்முக்குள் எறிந்தார். கௌரி பசியில் அழுதாள். கூபர் பீடி போன பிறகுதான் பாணும் ஜாமும் வாங்கிக் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், உம்முடைய கலியாணத்தை நானும் விரும்பினவள் இல்லை. இப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எழுதினேன் என்று அவரிடம் சொல்லலாம். பயந்து பயந்து இருந்தது போதும்.

அன்புடன்,
சந்திரவதனா

*

மெல்பேர்ண்
27.9.1976

அண்ணாவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். சீனி ஏறிவிட்டதாம், மருந்தை ஒழுங்காக எடுங்கள்.

மச்சாள் எல்லாம் எழுதிவிட்டா. அவவைக் கோபிக்காதீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் நீங்கள். வாசித்ததும் அந்தக் கடைக்காரியின் கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் என்று என் கை துடித்தது. என் அண்ணாவை, என் அண்ணாவின் பிள்ளையை வெய்யிலில் நிறுத்த அவள் யார்? கட்டிலில் இருந்து அழுதேன். அழுது முடியத்தான் உங்கள் மேல் கோபம் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

"நாங்கள் இவையள் இல்லை." நடு வனாந்தரத்தில், பசியோடு, அவமானப்பட்டு நிற்கும்போதும் உங்கள் வாயில் வந்தது அதுதானா? அவளோடு சண்டை பிடித்திருந்தால் என் அண்ணா என்று நெஞ்சை நிமிர்த்தியிருப்பேன். நீங்கள் யன்னல் கூடாது என்று சொல்லவில்லை. யன்னல் உங்களுக்கு இல்லை என்றுதான் சொன்னீர்கள்.

இன்னொன்று. சிட்னியிலிருந்து வழி முழுக்க யார் கை தொட்டது, யார் பொரித்தது என்று கேளாமல் பண்ணும் ரோலும் வாய் நிறையத் தின்றீர்களே. விற்கிறவளுக்கே தெரியாததை விழுங்கின வயிறு, பவளம் மாமி ஊற்றும் ஒரு வாய்த் தேத்தண்ணியைத் தாங்காதா?

கலியாணம் நவம்பர் 27, சனிக்கிழமை. வெரிபீயில் ஒரு சின்ன மண்டபம். ஒரேயொரு நிபந்தனை. தாலி கட்டி முடிய, பவளம் மாமி தன் கையால் தேத்தண்ணி ஊற்றித் தருவா. எல்லோருக்கும் ஒரே கோப்பை, ஒரே மேசை. குடிக்கிறதென்றால் வாருங்கள். வந்து மண்டபத்தில் இருந்துவிட்டு, "இப்பதான் குடிச்சனான்" என்று நழுவுகிறதென்றால் வரவே வேண்டாம். நான் தனியாக நின்று தாலி கட்டிக்கொள்வேன். கை பிடித்துக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் என் கை ஒன்றும் முறிந்து போகாது.

யோகா

*

டூங்கபி
14.10.1976

யோகாவுக்கு,

நலம் கேட்டிருந்தாய். நலமில்லை. மச்சாளோடு நான் கதைப்பதில்லை. கௌரியை நடுவில் வைத்து, "அம்மாவைச் சோறு போடச் சொல்லு" என்று சீவியம் போகிறது. திருப்திதானே?

நிபந்தனை போடுகிறாயா, எனக்கு? உன்னைத் தூக்கி வளர்த்தவனுக்கு? நல்லது.

நான் வாயை மூடிக்கொண்டு வந்தவன் என்று நினைக்காதே. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கடை முதலாளிக்கு இரண்டு பக்கம் ரைப் அடித்து அனுப்பினேன். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு யன்னலா, வெட்கமில்லையா என்று கேட்டேன். நேற்றுப் பதில் வந்தது. திமிரைப் பார். ஒரு சொல்லும் விடாமல் தமிழாக்கித் தருகிறேன்:

"நாங்கள் யாருக்கும் சாப்பாடு இல்லை என்று சொன்னதில்லை. உள்ளே கொடுக்கும் அதே உருளைக்கிழங்கு, அதே எண்ணெய், அதே உப்பு. யன்னல் மட்டும்தான் வேறு. இது என் தகப்பனார் காலத்திலிருந்து உள்ள வழக்கம். யாரையும் அவமதிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை."

எண்ணம் இல்லையாம்! வெய்யிலில் நாயைப் போல நிறுத்திவிட்டு எண்ணம் இல்லையாம்! அதே எண்ணெயாம், அதே உப்பாம்! இவனையும் எங்கள் அப்பாவையும் ஒரே தராசில் வைத்துக் கதைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

கலியாணத்துக்கு என்னை எதிர்பார்க்காதே.

விக்னராஜா

*

மெல்பேர்ண்
19.10.1976

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க இன்று மனம் இல்லை. மே மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நடுவில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். முதலாளியின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

யோகா

*

டூங்கபி
18.11.1976

அன்புத் தங்கச்சி யோகாவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி? ஒரு மாதம் உனக்குப் பதில் எழுதவில்லை. ஏன் என்று கேட்காதே. அந்த இரண்டு கடிதத்தைப் பற்றியும் நேரில் கண்டாலும் கேட்காதே. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். எடுத்தெறிந்து எழுதுகிற உன் பழக்கம் கொஞ்சமும் நல்லதில்லை. சிறிதரன் பாவம்.

கார் திருத்தியாகிவிட்டது. வியாழக்கிழமை காலை வெளிக்கிட்டால் வெள்ளி பின்னேரம் வந்துவிடலாம். வழியில் சாப்பிட மச்சாள் புளிச்சாதம் கட்டித் தருகிறாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள், கௌரி மூலம் சொல்லவில்லை. கௌரிக்கு மட்டும் எங்கேயாவது ஒரு மில்க்ஷேக் வாங்கிக் கொடுக்க வேண்டும். கூறைச்சேலை நான் கொண்டு வருகிறேன், நீ வாங்காதே.

போன கிழமை டாக்டரிடம் போனேன். கொஞ்சம் குறைத்தால் போதாது, முழுக்க நிறுத்த வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே பவளம் மாமியிடம் இப்போதே சொல்லி வை: என்னுடைய தேத்தண்ணிக்கு மட்டும் சீனி போட வேண்டாம்.

அண்ணா